வெட்டாமல் விட்ட இரண்டு துளைகள்

என் மனைவியின் தம்பி அந்த ரிமோட் காரைக் கடைக்குக் கொண்டுவந்த வருடம், எங்கள் கடலோர உப்பு ஏரி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே உள்வாங்கிவிட்டது. சித்திரை பாதி தாண்டுவதற்குள் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் உப்புத் தரை. பறவைகள் எப்போதோ போய்விட்டிருந்தன. குழிகளில் தேங்கிய கொஞ்சத் தண்ணீரும் வற்றி, சின்ன மீன்கள் அப்படியே காய்ந்து கிடந்தன. காற்று திரும்பும்போதெல்லாம் அந்த வாடை நெடுஞ்சாலை வரை வந்தது.

ஆரம்பாக்கத்தில் அந்த நெடுஞ்சாலையை ஒட்டித்தான் என் ஸ்டிக்கர் கடை. பைக்குக்கு நம்பர், ஆட்டோவின் பின்கண்ணாடிக்குப் பிள்ளைகளின் பெயர், படகுக்குப் பதிவு எண். ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஆர்டர் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் அச்சடித்து வாங்கியும் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைவிடக் கண்ணீர் அஞ்சலிக்குத்தான் பேனர் அதிகம்.

மச்சானுக்கு அப்போது இருபத்தேழு வயது. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கட்டிவிட்டால் இரண்டு மாதம் அவனுக்கு வேலை இல்லை. ஏரிக்கரைக் குப்பத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிடுவான். சும்மா உட்கார அவனுக்குத் தெரியாது. அந்த வருடம் சென்னையில் யாரிடமோ பழைய ரிமோட் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தான். கடையில் தொங்கும் பொம்மை இல்லை அது. முழங்கையைவிட நீளம், முள் முள்ளாக டயர், ஸ்பிரிங் வைத்த சக்கரங்கள். காய்ந்த ஏரியில் விட்டால் பைக்கில் துரத்தினாலும் பிடிக்க முடியாத வேகம்.

அதன் மேல்கூடு மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக், முழுக்கக் கீறல், பெயிண்ட் உரிந்து ஓரிடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

"மாமா, இதுக்கு பைக்குக்கு ஒட்ற மாதிரி ஒட்டிக் குடு. ஃபுல்லா. கருப்பு. ஷைனிங் இல்லாத கருப்பு."

"வெயில்ல ஓட்டுற வண்டிக்குக் கருப்பா?"

"வெள்ள உப்பு மேல கருப்பு ஓடனா எப்பிடி இருக்கும், சொல்லு."

பிறகு அந்தக் கூட்டைத் திருப்பி, முன்பக்கம் ஒன்றும் பின்கண்ணாடிக்குக் கீழே ஒன்றுமாக வெட்டியிருந்த இரண்டு துளைகளைக் காட்டினான். விரல் நீளம் இருக்கும்.

"இத மட்டும் மூடிடாத. உள்ள மோட்டாருக்குப் பக்கத்துல ஒரு டப்பா கீது. காத்து போவலன்னா சூடாயி, தானா ஆஃப் ஆயிடும். ஆறனாத்தான் மறுபடி ஓடும்."

சரி என்றேன். அவன் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னான் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

மறுநாள் மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். இவ்வளவு சின்ன பொருளுக்கு முழுசாக ஒட்டியது அதுதான் முதல் முறை. பைக் டேங்கில் வளைவு பெரியது, ஸ்டிக்கர் தாள் தானாகப் படியும். இதில் விரலகலத்துக்குள் நான்கு வளைவு. சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புப் படிவு போகும்வரை துணியால் துடைத்தேன். பழக்கதோஷத்தில் தின்னரை எடுத்த கை பாதியில் நின்றது. அந்தப் பிளாஸ்டிக்கில் தின்னர் பட்டால் பால்போல வெளுத்து நொறுங்கிவிடும். சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னையும் தள்ளித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நெருங்கினாலும் கூடு நெளியும். தள்ளிப் போனால் தாள் இளகாது.

முதல் துண்டு சக்கர வளைவில் சுருங்கிக் கெட்டது. இரண்டாவது, அதிகமாக இழுத்ததில் வெளிறிப்போனது. மூன்றாவது துண்டைக் கூரையின் நடுவில் வைத்து, ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளித் தள்ளிப் படியவைத்தேன். ஒரு குமிழி இல்லை, ஒரு மடிப்பு இல்லை. கூடு கருப்பாகவே பிறந்தது போல இருந்தது. பதினாலு வருடத் தொழிலில் அப்படி ஒரு ஒட்டு எனக்கு அமைந்ததில்லை.

கடைசியாகத் துளைகளை வெட்டக் கத்தியை எடுத்தேன். வெட்டவில்லை. வெட்டிய இடத்தில்தான் தாள் முதலில் எழும்பும், மண் ஏறும், உரியும். ஒரு நாளாவது முழுசாக இருக்கட்டும், அவன் பார்க்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துளைகளின் மேல் தாள் லேசாக உள்வாங்கியிருந்தது. பளபளப்பில்லாத கருப்பு என்பதால், ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் துளை திறந்திருப்பது போலவே தெரிந்தது. அது தெரிந்துதான் விட்டேன். கூட்டை நானே வண்டியின்மேல் மாட்டிக் கிளிப் போட்டேன்.

அடுத்த நாள், குப்பத்தில் மாமனார் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இறந்துபோன பெரியவர் ஒருவருக்கான அஞ்சலி பேனரைக் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டடிக்கு ஆறடி. சுருட்டி பைக்கின் பக்கவாட்டில் கட்டினேன். மச்சான் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். கிளம்பும்போது என் மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் அந்த ஏரியில் பிறந்து வளர்ந்தவள்.

"வடக்கால பக்கம் போவாதீங்க. ஏரி காஞ்ச மாதிரி கீது, காயல."

"எனுக்குத் தெரியாதாக்கா?" என்றான் அவன்.

"தெரிஞ்சவந்தான் போவான்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

குப்பத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தச் சொன்னான். மணி மூன்று இருக்கும். இறங்கி ஏரிக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். காலடியில் உப்பு அப்பளம் போல நொறுங்கியது. எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே நின்றிருந்தது, தூரத்தில் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கொம்புதான். போன கோடையில் மேய வந்து சேற்றில் புதைந்த எருமை. யாரும் அதை எடுக்கவில்லை, எடுக்கப் போகவும் முடியவில்லை.

வண்டியைத் தரையில் வைத்துவிட்டு மச்சான் கேட்டான். "ஓட்டையெல்லாம் உட்டுட்ட இல்ல?"

"உம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் குனிந்து பார்க்கவில்லை. என் வார்த்தையை நம்பினான்.

முதல் பத்து நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்தேன். வெள்ளைத் தரையில் அந்தக் கருப்பு வண்டி உப்புத்தூளைக் கிளப்பிக்கொண்டு போனதும், வளைந்து எங்களை நோக்கி வந்ததும், எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து போனதும்... மச்சான் குழந்தை போலக் கத்தினான். பிறகு வடக்குப் பக்கமாக நேராக விட்டான். வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. கொம்புகளையும் தாண்டியது. திருப்பு என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அது நின்றது.

அவன் ரிமோட்டை ஆட்டினான், உயர்த்திப் பிடித்தான். அசையவில்லை.

"பேட்டரி இன்னா அதுக்குள்ள... இப்பத்தானே போட்டேன்." ரிமோட்டைக் கீழே இறக்கினான். "சூடாயிருக்கும். ஆறட்டும்."

காத்திருந்தோம். எனக்கு மட்டும் அது ஆறாது என்று தெரியும். மேலே வெயில், கருப்புத் தாள், காற்று நுழைய வழியில்லாத கூடு. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வெட்டவில்லை, அது ராத்திரிவரை நின்றாலும் ஓடாது, விட்டுவிட்டு நாளைக்குப் பலகையோடு வரலாம் என்று ஒரு வார்த்தை. வெட்கமாக இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் காற்று மாறியது. அதுவரை நின்றிருந்த வெக்கை அசைந்து, தெற்கிலிருந்து ஈரமாக முகத்தில் பட்டது. மச்சான் திரும்பித் தெற்கே பார்த்தான்.

"தெக்கத்திக் காத்து எழுந்துடுச்சி. தண்ணி இப்பிடித் தள்ளிக்கினு வரும். வண்டி முழுவிப்பூடும்." ரிமோட்டை என் கையில் கொடுத்தான். "நீ இங்கயே இரு. ஓடிப் போயி எடுத்துக்கினு வந்துடறேன்."

"வேணாம்டா. உங்கக்கா சொன்னா இல்ல."

"எனுக்கு எங்க கால் வெக்கணும்னு தெரியும் மாமா."

அவனுக்குத் தெரியும்தான். நேராகப் போகவில்லை. நிறம் பார்த்து, சுற்றிச் சுற்றி, வெளுத்த இடமாக மிதித்துப் போனான். கொம்புகளுக்கு அருகே வந்ததும் மெதுவானான். வண்டிக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது அவன் ஒரு கால் உள்ளே போனது. அதை எடுக்க மற்றக் காலை ஊன்றினான். அதுவும் போனது. உடம்பை முறுக்கி ஒரு தடவை பலமாக இழுத்தான். அந்த நேரத்தில் அவன் போட்ட சத்தம் அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஓடினேன். பாதி தூரத்தில் என் காலும் முழங்கால் வரை இறங்கியது. மேலே உப்பு கொதித்தது. உள்ளே சேறு ஜில்லென்று இருந்தது. எப்படியோ பின்னால் விழுந்து காலை உருவிக்கொண்டேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது.

"வராத! மாமா, வராத!" அவனுக்குத் தொடை வரை போயிருந்தது. "யாரையாச்சும் கூப்டு!"

யாரைக் கூப்பிடுவது? ஃபோன் எடுத்துக் குப்பத்தில் மாமனாருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தேன். "நான் சொல்றேன், ஆள அனுப்பறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. குப்பத்திலிருந்து ஆள் வர அரைமணியாவது ஆகும். தெற்கே தரை மின்னத் தொடங்கியிருந்தது. கானல் என்று நினைத்தேன். அது நகர்ந்தது. ஒரு விரல் உயரத் தண்ணீர், சத்தமே இல்லாமல், உப்பின்மேல் வழிந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரின் விளிம்போடு இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறவர்கள். தண்ணீரில் தவழ்ந்து பிடிக்கும்போது வாயில் கவ்விக்கொள்ளும் ஓலைப் பறிக்கூடை இருவர் கழுத்திலும் தொங்கியது. நான் கத்தியதைக் கேட்டு வேகமாக வந்தார்கள். மூத்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவனைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் நைனா! நிக்காத! மல்லாக்கப் படு! கையை விரிச்சிப் படு!"

"கால் வரலக்கா! முட்டி போயிடுச்சி!"

"கால உடு. முதுவ சேத்துல போடு. அடிச்சிக்காத."

அவன் படுத்தான். பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். "பலகை கீதா? கதவு, தட்டி, இன்னா கீது உன்னாண்ட?"

"பேனர் இருக்குக்கா. ஃப்ளெக்ஸ்."

"எடுத்தா."

பைக் வரை ஓடி அந்தச் சுருளைக் கொண்டுவந்தேன். இளையவள் அதை முன்னால் உருட்டி விரித்தாள். இறந்த பெரியவரின் முகம் சேற்றின்மேல் மல்லாந்து விரிந்தது. இரண்டு பக்கமும் எரியும் விளக்குகள், கீழே குடும்பத்தார் பெயர்கள். மூத்தவள் வயிற்றால் அதன்மேல் ஊர்ந்தாள். அதன் நுனிக்குப் போனதும் இளையவள் பின்னாலிருந்து பேனரை இழுத்து முன்னே கொடுத்தாள். நானும் படுத்து ஊர்ந்தேன். என் முகத்துக்கு நேராக அந்தப் பெரியவரின் கண்ணாடி போட்ட கண்கள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் அவன் காதைத் தொட்டிருந்தது. அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். உதடு வெளுத்திருந்தது.

"தண்ணி ஏறுது மாமா."

"ஏறட்டும்" என்றாள் அந்த அக்கா. "தண்ணி வந்தாத்தான் சேறு கால உடும்." அவன் தொடையை ஒட்டித் தன் கையைத் தோள்வரை சேற்றுக்குள் இறக்கினாள். கையைச் சுழற்றித் தண்ணீரை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள், மறுபடி இறக்கினாள். அவள் கன்னம் தண்ணீரில் அழுந்தியிருந்தது. எத்தனை நேரம் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். முதல் கால் வெளியே வந்தபோது தண்ணீர் என் மணிக்கட்டுக்கு மேல் இருந்தது. இரண்டாவது கால் வரும்போது அவன் மயங்கிவிட்டான்.

அவனைப் பேனரின்மேல் போட்டு இழுத்துக்கொண்டு கெட்டித் தரைக்கு வந்தபோதுதான் குப்பத்து ஆட்கள் கரையில் இறங்குவது தெரிந்தது. வண்டி இருந்த இடத்தில் அலையாடும் தண்ணீர் மட்டும் இருந்தது. அன்று மாலை நான் அதைப் பார்த்து ஆறுதல் அடைந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

முட்டியில் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார் பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டர். ஒன்றரை மாதம் காலை ஊன்றக் கூடாது. என் வீட்டில்தான் படுத்திருந்தான். அவன் அக்கா வேளாவேளைக்குச் சோறு போட்டாள், என்னைப் பார்க்கும்போது மட்டும் பேச்சைக் குறைத்தாள். ஒரு நாள் நான் அவனுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டான்.

"மாமா, நெசமா சொல்லு. ஓட்டைய வெட்டன இல்ல?"

"வெட்டினேன்டா."

"அப்ப எம்மேலதான் தப்பு. வெயில்ல அந்தளவுக்கு முறுக்கியிருக்கக் கூடாது." முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான், "உன்னையும் சேத்து சாவடிக்கப் பாத்தேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் தலையணையைத் தட்டிவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், கடை வாசலில் அந்த மூத்த அக்கா நின்றாள். கையில் வண்டி. தண்ணீர் மறுபடி உள்வாங்கியபோது கிடைத்ததாம். சக்கரமெல்லாம் சேறு இறுகி, உப்பு பூத்து வெளுத்திருந்தது. மேல்கூட்டை அவள் முந்தானையால் ஒரு பக்கம் துடைத்துக் காட்டினாள்.

"உன் ஸ்டிக்கர் பாரு, இன்னா கெட்டியா ஒட்டிக்கினு கீது. ஒரு எடத்துல உரியல."

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வண்டியை மேசையில் வைத்தேன். இரண்டு துளைகளின் மேலும் தாள் அப்படியே இருந்தது, குழிந்த இடத்தில் உப்பு படிந்து. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் அந்த அக்கா குப்பத்தில் சொல்லிவிடுவாள், வண்டி என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும். கத்தியை எடுத்தேன். இரண்டு துளைகளையும் சுற்றி வெட்டினேன். வெட்டிய துண்டுகளைத் தெருவில் ஓடும் சாக்கடையில் போட்டேன். சாயங்காலம் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய் அவன் கட்டிலில் வைத்தேன்.

முதலில் சிரித்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். பிறகு கூட்டைக் கழற்றி மடியில் வைத்து, விரலால் உப்பைச் சுரண்டத் தொடங்கினான். எல்லா ஓரத்திலும் உப்பு இருந்தது. சக்கர வளைவில், கூரையின் விளிம்பில், நான் மடித்து ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் வெள்ளையாக ஒரு கோடு. அவன் விரல் பின்பக்கத் துளைக்கு வந்து நின்றது. அதன் விளிம்பு மட்டும் சுத்தமாக, புதுக் கருப்பாக இருந்தது. முன்பக்கத் துளையைப் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான். ஏரியில் பத்து நாள் கிடந்த பொருளில் உப்பு எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவன் அக்கா சமையலறையில் இருந்தாள்.

"எப்ப வெட்டன?" மெதுவாகத்தான் கேட்டான்.

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஓட்டைய மூடனதுக்குக் கூடக் கோவம் இல்ல மாமா. மறந்துட்டன்னு நெனைச்சிக்குவேன். நான் படுத்துக்கினு கேட்டேன் பாரு, அப்ப சொல்லியிருக்கணும். அத்தினி நாளும் எம்மேல தப்புன்னு படுத்துக்கினு இருந்தேன். நீ எதுருல உக்காந்து பாத்துக்கினு இருந்த." கூட்டைத் தரையில் வைத்தான். "அப்பால அதையும் வெட்டி எடுத்துக்கினு வந்து குடுத்த பாரு."

"தப்புதான்டா. வெட்கமா இருந்துச்சு. அதனாலதான்..."

"அக்காகிட்ட சொல்லாத" என்றான். "அவ தாங்க மாட்டா."

மறுநாள் ஒரு ஆட்டோ வரவழைத்துக் குப்பத்துக்குப் போய்விட்டான். வீடு சின்னது, எல்லாருக்கும் இடைஞ்சல் என்று அக்காவிடம் காரணம் சொன்னானாம். ஆடி பிறந்து, கால் ஓரளவு தேறியதும் காசிமேட்டுக்குத் திரும்பினான். படகில் ஏற இறங்க இன்னும் அந்த முட்டி மடங்க மறுக்கிறது என்று மாமனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் போன முதல் நடையில், படகு திரும்ப வேண்டிய நாளுக்கு மூன்று நாள் தாமதமானது. வானிலையும் கெட்டிருந்தது. அந்த மூன்று நாளும் நான் ஒரு கண்ணீர் அஞ்சலி ஆர்டரையும் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் கும்மிடிப்பூண்டியில் மெஷின் ரிப்பேர் என்றேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாகிவிட்டிருந்தது.

படகு வந்துசேர்ந்தது. இஞ்சின் கோளாறாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். கால் லேசாக இழுத்தது. அக்காவோடு சிரித்துப் பேசினான், சாப்பிட்டான். நான் கடையிலிருந்து உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க. நல்லாக்கீறீங்களா?" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை வா போ என்று பேசியவன். "பரவாயில்லையே, மரியாதையெல்லாம் கத்துக்கினான்" என்று என் மனைவி சிரித்தாள். அவன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உக்காருங்க" என்றான்.